ஆபரேஷனா, பரம்பரையா? மனநோய் வந்த வீட்டில் எழும் இரண்டு கேள்விகள்

வீட்டில் ஒருவருக்கு மனநோய் என்று தெரிந்ததும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர்கள் டாக்டரிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான். முதலாவது சத்தமாகவே வரும்: "சார், இதுக்கு ஆப்பரேசன் எதுவும் கெடையாதா? தலைய ஸ்கேன் எடுத்து எங்க கோளாறுன்னு பாத்து எடுத்துர முடியாதா?" இரண்டாவது, கூட வந்த சொந்தக்காரர்கள் டீ குடிக்கப் போன பிறகு வரும்: "இவ சித்தப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. பரம்பரையா வருமோ? அடுத்தவ கல்யாணத்துக்கு நிக்கா."

கேள்வி இரண்டானாலும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்று. கோளாறு ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறது, மூளையில் ஒரு புள்ளியிலோ மரபணுவில் ஓர் எழுத்திலோ. அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் காரியம் முடிந்தது. கடந்த எழுபது எண்பது வருட ஆராய்ச்சி சொல்வதைச் சுருக்கினால், பெரும்பாலான மனச்சிதைவிலும் (ஸ்கிசோஃப்ரீனியா) இருதுருவ நோயிலும் (பைபோலார்) அப்படி ஓர் 'இடம்' கிடையாது. கொஞ்சம் பேருக்கு உண்மையிலேயே இருக்கிறது. அந்தக் கொஞ்சம் பேரை ஆரம்பத்திலேயே பிரித்தெடுத்துவிட வேண்டும். மிச்சம் பேர் இடம் தேடி அலைவதை நிறுத்திவிட்டு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். நடப்பதோ பெரும்பாலும் நேர்மாறு. பிரித்தெடுக்க வேண்டியவர்கள் மாசக்கணக்கில் அலைகிறார்கள். மற்றவர்கள் நாலு ஊரில் நாலு ஸ்கேன் எடுத்து வைத்திருக்கிறார்கள். மாத்திரை மட்டும் பாதியில் நின்றிருக்கும்.

ஆபரேஷன் கதையை முதலில் பார்த்துவிடலாம். 1935-ல் லிஸ்பனில் ஏகாஸ் மோனிஸ் என்ற நரம்பியல் மருத்துவர், மூளையின் முன்மடலுக்கும் உள்பகுதிக்கும் இடையே ஓடும் நரம்பிழைகளை வெட்டச் சொன்னார். 1949-ல் அதற்கு நோபல் பரிசும் வந்தது. அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன் கண்குழி வழியாக ஊசி மாதிரி ஒரு கருவியைச் செலுத்தி, அதையே சில நிமிட வேலையாக்கினார். நோயாளிகளின் ஆர்ப்பாட்டம் அடங்கியது உண்மை. ஆனால் அடங்கியது நோயா ஆளா என்று ஒழுங்காக அளந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. 1952-ல் குளோர்ப்ரோமசின் என்ற மனநோய் மருந்து வந்ததும் அந்த அலை சரிந்தது.

சென்னையிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் டாக்டர் வி. பாலசுப்பிரமணியமும் 1960-களிலிருந்து, அடங்காத மூர்க்கம் உள்ளவர்களுக்கு அமிக்டலா என்ற சின்னப் பகுதியை மட்டும் சுட்டு அழிக்கும் சிகிச்சையைச் செய்துவந்தார்கள். 1988-ல் வெளியான கட்டுரையில், ஹைபோதலாமஸ் என்ற இன்னொரு பகுதியில் செய்தவையும் சேர்த்து, 603 ஆபரேஷன்களின் கணக்கு இருக்கிறது. அந்தக் காலத்துக்கு அது பெரிய கைத்திறன். ஆனால் ஆபரேஷன் செய்யாத ஒரு குழுவை எதிரில் வைத்து ஒப்பிடவில்லை என்பதால், குணமானது ஆபரேஷனாலா, வயதாலா, கவனிப்பாலா என்று இன்றைக்குப் பிரித்துச் சொல்ல வழியில்லை. மனநோய் அறுவை ஆராய்ச்சி முழுவதையும் பிடித்திருக்கும் நோய் இதுதான்.

அதை வெளிச்சம் போட்டுக் காட்டியது மனச்சோர்வுக்கான மூளைத் தூண்டல் சிகிச்சை. 2005-ல் ஹெலன் மேபர்க் குழு, எந்த மருந்துக்கும் அசையாத ஆறு பேருக்கு மூளைக்குள் மின்முனை வைத்தது. நாலு பேர் தேறினார்கள். உலகமே பேசியது. பிறகு 90 பேரை வைத்து ஒரு முறையான சோதனை நடந்தது. எல்லோருக்கும் ஆபரேஷன் செய்து மின்முனையை வைத்தார்கள். 60 பேருக்கு மின்சாரத்தைப் போட்டார்கள், 30 பேருக்குப் போடவில்லை. யாருக்குப் போட்டார்கள் என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பெண் போடுபவருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் தேறியவர்கள் முதல் குழுவில் 20 சதவீதம், இரண்டாம் குழுவில் 17. வித்தியாசமே இல்லை. 2017-ல் இது வெளியானது. எனவே 'இத்தனை பேருக்கு ஆபரேஷன் செய்தோம், இத்தனை பேர் தேறினார்கள்' என்று எந்தச் செய்தி வந்தாலும், ஸ்விட்ச் போடாத குழு இருந்ததா என்று ஒரு கேள்வி போதும். பாதிச் செய்தி அங்கேயே உதிர்ந்துவிடும்.

எண்ணச் சுழற்சி நோய்க்கு மட்டும் கணக்கு கொஞ்சம் வேறு. கை கழுவிக் கழுவித் தோல் உரிந்தவர்கள், கதவைப் பூட்டினோமா என்று நூறு தடவை திரும்புகிறவர்கள், இதிலேயே மிகக் கடுமையான சிலர். 2008-ல் பிரான்சில் 16 பேரை வைத்து நடந்த சோதனையில், மின்சாரம் போட்டிருந்த மூன்று மாதத்தில் நோயின் மதிப்பெண் சராசரி 19. போடாத மூன்று மாதத்தில் 28. மொத்தம் 40-க்கு. அது மெய்யான வித்தியாசம். அதே 16 பேரில் ஒருவருக்கு மூளைக்குள் ரத்தக்கசிவு, இருவருக்குக் கிருமித்தொற்று. இதுவும் மெய்தான். 2009-ல் அமெரிக்கா, பயன் முழுதாக நிரூபணமாகும் முன்பே வேறு வழியில்லாத சிலருக்காகக் கொடுக்கும் மனிதாபிமான விலக்கு என்ற வகையில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது.

செய்முறை இப்படி: தலையில் உலோகச் சட்டத்தைத் திருகிப் பொருத்தி, எம்.ஆர்.ஐ.யையும் சி.டி.யையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து இடத்தைக் கணக்கிடுவார்கள். மண்டையோட்டில் நாலணா அகலத்துக்கும் குறைவான துளை. ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய கம்பி உள்ளே போகும். அதன் நுனியில் நாலு தொடுமுனைகள். கழுத்துத் தோலுக்கடியில் ஒயர் இறங்கி, காரை எலும்புக்குக் கீழே வைத்த பேட்டரியில் சேரும். அதோடு வேலை முடியாது. எந்த முனையில் எவ்வளவு வோல்ட் என்று சரிசெய்யவே மாசக்கணக்கில் வந்துபோக வேண்டும். இதே கருவியை வைக்கும் பார்க்கின்சன் என்ற நடுக்க நோயைவிட எண்ணச் சுழற்சிக்கு அதிக மின்சாரம் தேவைப்படுவதால் பேட்டரியும் சீக்கிரம் தீரும். அப்போது மறுபடி ஆபரேஷன், மறுபடி செலவு. முதல் செலவைத் திரட்டிவிட்டு இரண்டாவது பேட்டரிக்கு வழி இல்லாமல் நிற்பதுதான் இதில் நிஜமான ஆபத்து. பேட்டரி தீர்ந்தால் நோய் திரும்பும், சில சமயம் சடாரென்று.

இந்தப் பட்டியலுக்குள் வரவே நிபந்தனைகள் உண்டு. ஐந்து வருடமாவது நோய் இருக்க வேண்டும். மூன்று வகை செரட்டோனின் மருந்துகளை முழு அளவில், ஒவ்வொன்றும் 12 வாரம் சாப்பிட்டிருக்க வேண்டும். அதில் ஒன்று குளோமிப்ரமின். கூடவே அழுக்கைத் தொட வைத்துக் கழுவாமல் இருக்கப் பழக்கும் நடத்தைச் சிகிச்சையும் முழுசாக நடந்திருக்க வேண்டும். சறுக்குவது இங்கேதான். ஃப்ளூவாக்செட்டின் 20 மில்லிகிராம் ஒரு மாசம் கொடுத்துவிட்டு 'மருந்து கேக்கல' என்று சீட்டில் எழுதியிருக்கும். எண்ணச் சுழற்சிக்கு அது 60, சிலருக்கு 80 வரை போக வேண்டிய மருந்து. செர்ட்ரலின் என்றால் 200 வரை. அளவை ஏற்றி மூன்று மாசம் பொறுத்திருந்தாலே, ஆபரேஷன் வேண்டும் என்று வந்தவர்களில் பலருக்கு அது தேவைப்படாது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது, சரியாகத்தான் நிற்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 96-ஆம் பிரிவுப்படி, மனநோய்க்கு மூளை அறுவை செய்ய நோயாளி தானே புரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும். அதற்கு மேல் மனநல வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். அப்பா கையெழுத்து போட்டால் ஆகாது, புருஷன் போட்டாலும் ஆகாது. 95-ஆம் பிரிவு, மயக்க மருந்தும் தசை தளர்த்தியும் இல்லாமல் மின்னதிர்வு கொடுப்பதைத் தடை செய்கிறது. சங்கிலி போடுவதையும் அதே பிரிவு தடுக்கிறது.

இனி, ஆபரேஷனால் நிஜமாகவே சரியாகிற 'மனநோய்'களுக்கு வருகிறேன். கத்தி மூளைக்குள்ளேதான் போக வேண்டும் என்றில்லை.

இருபது வயதுப் பெண். ஒரு வாரம் தலைவலி, லேசான காய்ச்சல். அது விட்டதும் தூக்கமில்லை, சம்பந்தமில்லாத பேச்சு, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று ஓட்டம். பத்து நாளில் பேச்சு குறைந்து வாய் கோணிக் கோணிச் சப்புக்கொட்டுவது, கைகால் விறைப்பு, வலிப்பு. வீட்டில் கோடாங்கியைக் கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கோ ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்கோ கூட்டிப் போவார்கள். போவதைக் குறை சொல்லவில்லை, அங்கே போய் மனசு ஆறியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் இந்தப் பெண்ணுக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு. உடம்பின் எதிர்ப்புப் புரதம், மூளை நரம்பணுக்கள் செய்தி வாங்கும் என்.எம்.டி.ஏ ஏற்பிகளைத் தாக்கும் அழற்சி இது. 2007-ல் ஜோசப் டால்மாவ் குழு அடையாளம் காட்டியது. வயது வந்த பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சினைப்பையில் டெரட்டோமா என்ற கட்டி இருக்கும். அதை எடுத்து, ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்தால் பெரும்பாலானோர் எழுந்து உட்காருவார்கள், மெதுவாக, மாசக்கணக்கில். சந்தேகம் வர வேண்டிய அடையாளங்கள்: காய்ச்சலுக்குப் பின்னால் சில நாட்களிலேயே முற்றிய மனக்குழப்பம், வலிப்பு, வாய் அசைவு, சாதாரண மனநோய் ஊசி போட்டதும் விறைப்பும் காய்ச்சலும் கூடுவது. ரத்தத்தில் மட்டும் பார்த்து 'இல்லை' என்று விட்டுவிடக் கூடாது. முதுகுத் தண்டு நீரில் பார்ப்பதுதான் நம்பகமானது. அடிவயிற்று ஸ்கேனையும் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று, வயசாளிகள். குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் லேசாகப் பட்டிருக்கும், ரத்தமே வந்திருக்காது. இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவராக இருப்பார். மூணு நாலு வாரம் கழித்து ஆச்சி மந்தமாகிவிடுவாள், பேரைக்கூட மாற்றிக் கூப்பிடுவாள், நடை தள்ளாடும். 'வயசாயிட்டு, புத்தி பெசகுது' என்று விட்டுவிடுவார்கள். மண்டையோட்டுக்கு அடியில் மெல்லத் தேங்கிய பழைய ரத்தமாக இருக்கலாம். ஒரு சி.டி. எடுத்தால் தெரிந்துவிடும், ஒன்றிரண்டு துளை போட்டு வடித்துவிட்டால் பெரும்பாலும் பழைய ஆளாகிவிடுவாள்.

மூன்றாவது வலிப்பு. மூளையின் பக்கவாட்டிலுள்ள பொட்டுமடலிலிருந்து கிளம்பும் வலிப்பில் ஆள் கீழே விழாமல், வெறித்துப் பார்த்து, சட்டைப் பொத்தானைத் தடவி, எச்சில் விழுங்கி ஒரு நிமிஷத்தில் தெளிவார். தொடர்ந்து பல தடவை வந்தபின் ஒன்றிரண்டு நாள் தெளிவாக இருந்துவிட்டு, திடீரென்று சாமி வந்ததுபோல் பேசி ஆடுவதும் உண்டு. மருந்துக்கு அடங்காத இந்த வகைக்கு ஆபரேஷன் நன்றாகவே வேலை செய்யும். 2001-ல் கனடாவில் 80 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனையில், ஆபரேஷன் குழுவில் 58 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் நினைவு தப்பும் வலிப்பு நின்றிருந்தது. மருந்துக் குழுவில் 8. நெல்லைக்காரர்களுக்கு நல்வாய்ப்பாகத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம் பக்கத்தில் இருக்கிறது. 1995 முதல் அங்கே வலிப்பு அறுவை நடக்கிறது. போகும்போது வலிப்பு வரும் நேரத்தில் எடுத்த செல்போன் வீடியோ கட்டாயம் வேண்டும். முகத்தை மட்டும் எடுக்காமல் இரண்டு கையும் தெரிய எடுங்கள். நடுவில் 'தேங்காய்' என்று ஒரு வார்த்தை சொல்லி, தெளிந்தபின் அது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்பதையும் பதிவு செய்யுங்கள். எந்தப் பக்கக் கை முதலில் விறைத்தது, ஞாபகம் இருந்ததா என்ற இரண்டும் டாக்டருக்குப் பெரிய துப்பு.

ஆக, ஸ்கேன் வேண்டுமா என்பதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. நாற்பத்தைந்து ஐம்பது வயதுக்கு மேல் முதல் தடவையாக வருவது, சில நாட்களில் முற்றுவது, காய்ச்சல், வலிப்பு, வாந்தியோடு தலைவலி, நினைவு ஏறி இறங்குவது, காதில் குரலைவிடக் கண்ணில் உருவம் அதிகம் தெரிவது, மாத்திரை தொடங்கும் முன்பே கை நடுக்கம் அல்லது நடைத் தடுமாற்றம். இதில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் எடுங்கள். எதுவும் இல்லாத இருபது வயசுப் பையனுக்கு, ஒன்றரை வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கி, பிறகு குரல் கேட்கத் தொடங்கியிருந்தால், நாலாவது ஸ்கேன் எதையும் சொல்லப்போவதில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

மனச்சிதைவு பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வரும். கூடப்பிறந்தவருக்கு இருந்தால் நூற்றுக்கு ஒன்பது. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால், எந்த ஆய்வை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து 6-லிருந்து 13. சித்தப்பா, அத்தை, தாய்மாமனுக்கு இருந்தால் 2-லிருந்து 4. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தாலும் மற்றவருக்கு 33-லிருந்து 50 வரைதான். அச்சு அசலாக அதே மரபணு இருந்தும் பாதிப் பேருக்கு வரவில்லை. மரபு பெரிய காரணம், ஆனால் முழுக் காரணம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. கல்யாணத்துக்கு நிற்கிற அந்தத் தங்கச்சிக்கு அக்காவால் வரும் கணக்கு நூற்றுக்கு ஒன்பது. 91 பேருக்கு வருவதில்லை. நோய் பெரும்பாலும் பதினாறு முதல் முப்பது வயதுக்குள் தலைகாட்டுவதால், இருபத்தெட்டு வயது வரை நன்றாக இருப்பவருக்கு அந்த ஒன்பதிலும் கணிசமான பகுதி கழிந்துவிட்டது. இதைத் தரகரிடம் சொல்லிப் பயனில்லை. சம்பந்தியிடம் சொல்லலாம்.

'80 சதவீதம் மரபு' என்று பத்திரிகையில் படித்துவிட்டு, பிள்ளைக்கு 80 சதவீதம் வரும் என்று பதறுவார்கள். அது அப்படிப்பட்ட எண் அல்ல. தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பருவத்துக்கு ஒரே அம்பை-16 நெல்லை நட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். மடைப் பக்கம் விளைச்சல் அதிகம், கடைமடையில் குறைவு. அந்த வித்தியாசத்துக்கு விதை காரணமே இல்லை, முழுக்கத் தண்ணீர். இன்னொரு வயலில் தண்ணீரும் உரமும் ஒரே சீர், விதை மட்டும் நாலு ரகம். அங்கே வித்தியாசம் முழுக்க விதை. 80 என்பது ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் மரபின் பங்கு. உங்கள் பிள்ளையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

எத்தனை மரபணு? 2022-ல் வெளியான உலகளாவிய ஆய்வு, மனச்சிதைவு உள்ள 76,755 பேரையும் இல்லாத 2,43,649 பேரையும் ஒப்பிட்டு, மரபுத்தொகுதியில் 287 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றும் தூக்குவது துளி எடை. நம்மில் எல்லோரிடமும் அவற்றில் பல இருக்கின்றன. அதே வருடம் இன்னொரு ஆய்வு, அரிதாக வந்தாலும் பலமாக அடிக்கும் பத்து மரபணுக்களைக் கண்டது. தமிழ்நாட்டிலும் வேலை நடந்திருக்கிறது. 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய சென்னை ஸ்கார்ஃப் நிறுவனமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து ஏறத்தாழ மூவாயிரம் பேரை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு, எட்டாவது குரோமோசோமில் ஓர் இடத்தைச் சுட்டியது. நியாசின் என்ற வைட்டமினை உடம்பு கையாளும் மரபணு அங்கே இருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் நியாசின் மாத்திரை வாங்க வேண்டாம். இடம் தெரிவது ஒன்று, மருந்து ஆவது வேறொன்று.

எச்சில் அனுப்பினால் மனநோய் அபாய மதிப்பெண் தருகிறோம் என்று விற்கப்படும் சோதனைகளைப் பற்றி என் கருத்து: காசைத் தாமிரபரணியில் போட்டாலாவது மீன் பார்க்கும். அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் பிறந்தவை, நம்மிடம் துல்லியம் இன்னும் குறையும். அவர்களிடமே ஒரு தனி ஆளுக்கு வருமா வராதா என்று சொல்லும் திறன் அதற்கு இல்லை.

ஆனால் மரபுச் சோதனை நிஜமாகப் பயன்படும் சில இடங்கள் உண்டு.

ஒன்று 22-ஆம் குரோமோசோமில் சின்னத் துண்டு விடுபடுவது. சிறுவயதில் இதய ஓட்டைக்கு ஆபரேஷன், மூக்கால் பேசுவது, அண்ணப் பிளவு, படிப்பில் மந்தம், ரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு என்ற பின்னணி உள்ளவருக்கு மனச்சிதைவு வந்தால் இதைத் தேட வேண்டும். இந்தக் குறை உள்ளவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. சாதாரண குரோமோசோம் சோதனையில் இது தெரியாது. விடுபட்ட துண்டு சுமார் முப்பது லட்சம் எழுத்து நீளம், அந்தச் சோதனையின் கண்ணுக்கு அது பொடி. 'குரோமோசோம் நார்மல்' என்ற பழைய ரிப்போர்ட்டை வைத்துத் தள்ளிவிடாதீர்கள். ஃபிஷ் சோதனையோ மைக்ரோஅரேயோ கேட்க வேண்டும். தெரிந்தால் கால்சியமும் இதயமும் சேர்த்துக் கவனிக்கப்படும். அந்தக் குறை உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீதம் என்பதும் தெளிவாகும்.

இரண்டாவது வில்சன் நோய். சொந்தத்தில் கல்யாணம் பழகிய நம் பக்கத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏ.டி.பி.7பி என்ற மரபணு இரண்டு பிரதியும் கெட்டால் உடம்பில் செம்பு தேங்கும், ஈரலிலும் மூளையிலும். பள்ளி முடிக்கிற வயசில் எரிச்சல், படிப்பில் சரிவு, குணமாற்றம், கை நடுக்கம், வாயில் எச்சில் வடிதல், எழுத்து கோணுதல் என்று தொடங்கும். மனநோய் என்று மாத்திரை கொடுத்தால் விறைப்பு பலமடங்கு கூடும். முன்பு காரணம் தெரியாத மஞ்சள்காமாலை வந்திருக்கும், அல்லது கூடப்பிறந்த ஒன்று ஈரல் கெட்டு இறந்திருக்கும். கண் டாக்டர் ஸ்லிட் லாம்ப்பில் பார்த்தால் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் தெரியும். ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்ற செம்பு சுமக்கும் புரதம் (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) 20-க்குக் கீழ் இருந்தால் சந்தேகம், 10-க்குக் கீழ் என்றால் பலத்த சந்தேகம். காய்ச்சல், கர்ப்பம், கருத்தடை மாத்திரை இருந்தால் அந்த அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். 24 மணி நேர சிறுநீரில் செம்பு பார்க்க வேண்டும். காலை முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு அதன்பின் மறுநாள் அதே நேரம் வரை எல்லாவற்றையும் லேப் கொடுத்த பிளாஸ்டிக் கேனிலேயே பிடிக்க வேண்டும். வீட்டுச் செம்பில், பித்தளைக் குவளையில் பிடித்து ஊற்றினால் சோதனை பாழ். உறுதியானால் வாழ்நாள் முழுக்கப் பெனிசிலமின் அல்லது துத்தநாகம். கூடப்பிறந்தவர்கள் நன்றாக இருந்தாலும் எல்லோரையும் பார்க்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

இந்த மரபணுவில் ஒரு பிரதி கெட்டவர் தொண்ணூறு பேரில் ஒருவர் என்பது பொதுக் கணக்கு. அப்படிப்பட்டவர் அந்நியத்தில் கட்டினால் துணைக்கும் அதே கோளாறு இருக்க வாய்ப்பு தொண்ணூறில் ஒன்று. அத்தை மகளையோ மாமன் மகளையோ கட்டினால் எட்டில் ஒன்று. அக்கா மகளைக் கட்டினால் நாலில் ஒன்று. சொந்தத்தில் கட்டாதே என்று அறிவுரை சொல்வதைவிட இந்த மூன்று எண்ணைச் சொன்னால் போதும். மனச்சிதைவு, இருதுருவ நோய்க்கு இப்படிக் கூர்மையான கணக்கு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே தாத்தா வழியில் நோய் இருக்கிறதா என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது.

அதற்குக் குடும்ப மரம் எழுத வேண்டும், மூன்று தலைமுறைக்கு. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்குக் கறுப்பு, சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. நம் குடும்பங்களில் ஒரே ஆள் தாய்மாமனாகவும் மாமனாராகவும் இருப்பார், அவரை இரண்டு தடவை எழுதிவிட்டால் கணக்கே மாறும். 'அத்தை' என்று மட்டும் எழுதாமல் 'அப்பாவின் மூத்த அக்கா' என்று எழுதுங்கள். மனநோய் மட்டும் போதாது. வலிப்பு, சின்ன வயசில் இறந்தவர்கள், தற்கொலை, ஈரல் நோய், இதய ஆபரேஷன், பேச்சு வராத பிள்ளை, நாற்பது வயசுக்குமேல் கைகால் தானாக ஆடியவர் எல்லாம் வேண்டும். இதெல்லாம் ஆச்சிமாருக்குத்தான் தெரியும். எழுதும்போது அவர்களைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். மருமகள்கள் முன்னால் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவது, கார்பமசெப்பின். வலிப்புக்கும் இருதுருவ நோய்க்கும் கொடுக்கும் இந்த மாத்திரை, எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபு வகை உள்ள சிலருக்குத் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆசிய நாட்டவரிடம்தான் இது அதிகம், இந்தியர்களிலும் உண்டு. தொடங்கும் முன் ரத்தச் சோதனை செய்யலாம். செய்ய முடியாவிட்டால் முதல் இரண்டு மாசம் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் தடிப்பு எது வந்தாலும் அடுத்த மாத்திரையை விழுங்காமல் நேரே ஆஸ்பத்திரி.

கல்யாணத்தைப் பற்றி இன்னும் ஒன்று. நோயை மறைத்துக் கட்டிக் கொடுத்தால், மாமியார் வீட்டில் மாத்திரை சாப்பிட முடியாது. மாத்திரை நின்று சில மாசத்தில் நோய் திரும்பும். 'பொய் சொல்லிக் கட்டிக் கொடுத்துட்டாக' என்ற சண்டை அதற்குமேல். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு வால்புரோயேட் மாத்திரை ஓடுகிறதா என்று சீட்டைப் பாருங்கள். கர்ப்பத்தில் அது நூறு குழந்தைகளில் பத்துக்கு உடல் குறையும், 30-லிருந்து 40-க்கு வளர்ச்சிக் குறையும் தரும். கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு மாற்றிவிட வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது. இருதுருவ நோய் உள்ள பெண்களில் ஐந்தில் ஒருவருக்குப் பிரசவம் முடிந்த சில நாட்களிலேயே கடுமையான மனக்குழப்பம் வருகிறது. பொதுவாக அது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். தாய் வீட்டுக்கு அனுப்பும்போதே இரவுத் தூக்கத்துக்கு ஏற்பாடு வேண்டும். ராத்திரிப் பாலை வேறு யாராவது கொடுக்கட்டும்.

மேலே சொன்ன எதிலும் சேராத பெரும்பாலோருக்கு மிச்சம் மாத்திரைதான். அதிலும் கணக்கு இருக்கிறது.

இருதுருவ நோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறவர், மருந்தின் அளவு பார்க்க ரத்தம் கொடுக்க வேண்டியது கடைசி மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து. ராத்திரி ஒன்பதுக்குச் சாப்பிட்டால் காலை ஒன்பதுக்கு ரத்தம். காலை மாத்திரையைப் பையில் எடுத்துப் போய், ரத்தம் கொடுத்தபின் சாப்பிட வேண்டும். சாப்பிட்டுவிட்டுக் கொடுத்தால் அளவு பொய்யாக ஏறித் தெரியும். டாக்டர் மாத்திரையைக் குறைப்பார், நோய் திரும்பும். அளவு 0.6-லிருந்து 0.8 வரை நிற்பது நல்லது. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் ஏறும். சித்திரை வெயிலில் வயல் வேலை, வயிற்றுப்போக்கு, திருச்செந்தூர் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், எல்லாமே ஆபத்து. விரதம் இருந்தே ஆக வேண்டுமென்றால் டாக்டரிடம் முன்னமே கேட்டு, இளநீரும் மோரும் எடுத்துக்கொள்ளும் விரதமாக மாற்றுங்கள். முருகன் கோபிக்க மாட்டார். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஸ்டோரில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக்கும் லித்தியத்தை ஏற்றும். கை வெடவெடவென்று நடுங்குவது, வாந்தி, நாக்குக் குழறல், தள்ளாட்டம் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ரத்தம் பாருங்கள்.

இரண்டு மருந்தைப் போதிய அளவில் ஆறு ஆறு வாரம் கொடுத்தும் மனச்சிதைவு அசையவில்லை என்றால் அடுத்தது குளோசபின். இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போவதுதான் நம் பக்கத்தில் பெரிய இழப்பு. பயம், வெள்ளணு குறைவது. அதற்காக முதல் 18 வாரம் வாராவாரம், பிறகு மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்கிறார்கள். திசையன்விளையிலிருந்தோ கடையத்திலிருந்தோ இதற்காக வாராவாரம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. பக்கத்து லேபில் மொத்த வெள்ளணு எண்ணிக்கையும் வகைப் பிரிப்பும் பார்த்து, ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்ப டாக்டரிடம் முன்னமே ஏற்பாடு செய்துகொள்ளலாம். பல ரிப்போர்ட்டுகளில், கிருமியோடு போராடும் வெள்ளணு வகையான நியூட்ரோபிலின் எண்ணிக்கை நேராக இருக்காது, நாமே கணக்குப் போட வேண்டும்: மொத்தம் 5,200, நியூட்ரோபில் 60 சதவீதம் என்றால் 3,120. 1,500-க்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே டாக்டருக்குப் போன், 1,000-க்குக் கீழே என்றால் மாத்திரை நிறுத்தம். இடையில் தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் அடுத்த வாரம் வரை காத்திராமல் அன்றைக்கே எண்ணிக்கை. மலச்சிக்கலையும் சாதாரணமாக விடாதீர்கள், குளோசபினில் குடல் அடைத்து உயிர் போனவர்கள் உண்டு. பீடி, சிகரெட் புகைப்பவர் திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் குளோசபின் அளவு ஏறிவிடும்; மாலை போட்டு பீடியை விடும் கார்த்திகை மாசத்துக்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.